கயோட்டிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல்: ஊதல் வாங்குவதா, இ-காலர் வாங்குவதா?

போன குளிர்காலத்தில் நண்பர் ஒருவர் டெக்சஸ் ஹில் கன்ட்ரியில், லானோ ஆற்றுப் பக்கம், 40 ஏக்கர் வாங்கி வெள்ளாடு விட்டார். முதல் ஈற்றிலேயே நான்கு குட்டிகளைக் கயோட்டி என்கிற, நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கிடம் பறிகொடுத்தார். துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் கயோட்டி கண்ணில் படவே மாட்டேன் என்கிறது. விலங்கின் குரலை எழுப்பிக் கூப்பிட்டு வரவழைக்கலாம் என்று யாரோ சொல்ல, வேட்டைச் சாமான் கடைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். "ஒரு சுவர் முழுக்க ஊதல் தொங்குகிறது. 10 டாலருக்கும் இருக்கிறது, ரிமோட்டை அழுத்தினால் விலங்குக் குரல் எழுப்புகிற இ-காலர் பெட்டி 600 டாலருக்கும் இருக்கிறது. எதை வாங்கட்டும்?"

நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: "யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?"

விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். பதினோரு வருடமாக இந்த மலைக்காட்டில் உட்கார்ந்து ஊதி நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். எந்தக் கருவி என்பது அப்புறம் வரும் விஷயம். எந்தக் குரல் என்பதுதான் முதலில். குரலை முடிவு செய்யும்போதே வரப்போகிற விலங்கையும் முடிவு செய்துவிடுகிறோம். பசித்த இளசு வருமா, இடத்துக்குச் சொந்தக்கார ஜோடி வருமா, நரி வருமா, நம் காவல் நாயே ஓடி வருமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. செத்த குட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கயோட்டி பெரும்பாலும் தொண்டையைப் பிடிக்கும். தாடைக்குக் கீழே பல் இறங்கிய ஓட்டைகள் இருக்கும், தோலை உரித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். தெருநாய் அப்படிச் சுத்தமாகக் கொல்லாது. தொடை, காது, விலா என்று கண்ட இடத்தில் குதறி வைக்கும், பல ஆடுகளைக் காயப்படுத்திவிட்டுத் தின்னாமலேயே போகும். தானாகச் செத்த குட்டியைத் தின்றிருந்தால் தோலுக்கடியில் ரத்தக்கட்டு இருக்காது. இதைப் பார்க்காமல் ஊதலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பாதிப் பேர் தப்பான விலங்கைத் தேடுகிறார்கள்.

கயோட்டியைப் பார்த்திராதவர்களுக்காக: ஓநாய்க்கும் நரிக்கும் நடுவில் ஓர் உருவம். 9 முதல் 20 கிலோ வரை எடை, நம்மூர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரிசு, அதே மாதிரி ஊளை. கூப்பிட்டு வேட்டையாடுவதும் நமக்குப் புதிது இல்லை. நரிக்குறவர்கள் நரியின் குரலை வாயாலேயே எழுப்பி நரியை வரவழைத்தவர்கள், கையில் எந்த ஊதலும் இல்லாமல். 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது இந்தியாவில் நரியைத் தொட்டால் குற்றம். அதனால் இங்கே எழுதுவது எல்லாம் அமெரிக்காவுக்கு, அதிலும் நான் இருக்கிற டெக்சஸுக்கு.

பசிக் குரலும் எல்லைக் குரலும்

கடையில் விற்கிற எல்லாக் குரல்களையும் மூன்று கூறாகப் பிரித்துவிடலாம்.

முதலாவது, இரையின் கதறல். முயல் மாட்டிக்கொண்டு கத்துகிற சத்தம், எலியின் கீச்சு, மரங்கொத்தியோ வேறு பறவையோ சாகும் அலறல். கேட்கிற விலங்குக்கு இதன் பொருள் "இங்கே சாப்பாடு கிடக்கிறது" என்பது மட்டும்தான். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இதற்கு இணையான குரல் கிடையாது. அந்த வருடத்துக் குட்டிகள் தாய் தகப்பனை விட்டுப் பிரிந்து, இரை பிடிக்கச் சரியாகத் தெரியாமல், அடுத்தவன் எல்லையில் பயந்து பயந்து திரிகிற நேரம் அது. ஊதிய மூன்றாவது நிமிடமே நேராக ஓடி வரும். புதிதாக ஊதக் கற்றவர் தன்னைப் பெரிய ஆள் என்று நம்பிவிடுவது அந்த மாதங்களில்தான்.

இரண்டாவது, கயோட்டியின் சொந்தப் பாஷை. பிலிப் லேனர் என்ற ஆய்வாளர் 1978இல் கயோட்டியின் குரல்களைப் பதினொன்றாக வகைப்படுத்தினார். வேட்டைக்கு அத்தனையும் வேண்டாம். தனி ஊளை ஒன்று: "நான் இங்கே இருக்கிறேன், நீ யார்?" என்கிற மாதிரி, இழுத்து, முடிவில் தழைந்து வரும். குரைப்பும் ஊளையும் கலந்த சவால் இன்னொன்று: "இது என் இடம், வெளியே போ." ஜோடி சேர்ந்து போடுகிற கூட்டு ஊளை மூன்றாவது. இரண்டே கயோட்டிகள் ஏழெட்டு மாதிரி ஒலிக்கும். புது ஆட்கள் காடு முழுக்கக் கயோட்டி என்று மிரள்வது இதைக் கேட்டுத்தான்.

மூன்றாவது, குட்டியின் வலிக் குரல். அடிபட்ட நாய்க்குட்டி "கை கை" என்று கத்துமே, அதேதான். ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போட்ட பிறகு இந்தக் குரலைக் கேட்டால் தாயும் தகப்பனும் எதையும் பார்க்காமல் பாய்ந்து வரும். ஈற்றுக் காலம் இல்லாதபோதுகூட இதற்கு மதிப்பு உண்டு.

இந்தப் பிரிவு ஆட்டுக்காரனுக்கு ஏன் முக்கியம்? சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஹாப்லண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆட்டுப் பண்ணை ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே 1990களில் கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஆட்டைக் கொன்றவை பெரும்பாலும் அந்த இடத்துக்குச் சொந்தமான, குட்டி போடுகிற ஜோடிகள்தான் என்று தெரிந்தது. சுற்றித் திரிகிற இளசுகள் அல்ல. அதே பண்ணையின் 13 வருடக் கணக்கைப் புரட்டியபோது, எத்தனை கயோட்டிகளைக் கொன்றார்கள் என்பதற்கும் எத்தனை ஆட்டுக்குட்டிகள் தப்பின என்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. யூட்டாவில் இன்னொரு சோதனை: ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டார்கள். ஊட்டக் குட்டி இல்லாத ஜோடிகள் கொன்ற ஆட்டுக்குட்டிகள் வெகு குறைவு.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முந்தின மூன்று வருடமாக நான் அக்டோபரில் முயல் கதறலை ஊதி, வந்த இளசுகளைச் சுட்டு, பக்கத்துப் பண்ணைப் பெரியவருக்கு உதவி செய்வதாக நம்பிக்கொண்டிருந்தேன். அவருடைய பட்டியிலிருந்து குட்டிகள் போவது நிற்கவில்லை. நான் சுட்டவை திருடர்களே இல்லை. திருடிய ஜோடி ஓடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் முயலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

ஆக, தோலுக்கோ பொழுதுபோக்குக்கோ வேட்டைக்குப் போகிறவருக்கு இரையின் கதறல் போதும். ஆட்டைக் காப்பாற்றப் போகிறவருக்கு எல்லைக் குரல், அதாவது கயோட்டியின் சொந்த ஊளை, தேவை. ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, இணை சேருகிற பருவத்தில், இரண்டு தனி ஊளை கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால், இடத்துக்குச் சொந்தக்காரன் யார் வந்தது என்று பார்க்க வருவான். சவால் ஊளையை மட்டும் ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். தைரியமான கிழட்டு ஆண் வேண்டுமானால் வரும், மற்றதெல்லாம் ஓடிவிடும்.

ஏப்ரலுக்குப் பிறகு குட்டிக் குரலைப் போட்டு ஜோடியைக் கொல்வது சட்டப்படி டெக்சஸில் தப்பில்லை, கயோட்டிக்கு இங்கே மூடிய பருவமே கிடையாது. ஆனால் வளையில் குட்டிகள் பசியில் சாகும். பட்டியில் தொடர்ந்து சாவு விழுகிற நிலை இல்லாவிட்டால் நான் அந்த மாதங்களில் ஊதலைத் தொடுவதில்லை. மற்றவர்களும் தொடக்கூடாது என்பதுதான் என் கருத்து.

கருவிகள்

சரி, இப்போது சுவரில் தொங்குவதற்கு வருவோம்.

ஊதல்களில் இரண்டு சாதி. மூடிய சீவாளி ஊதலில் சீவாளி குழாய்க்குள் மறைந்திருக்கும், ஆர்மோனியத்தின் உலோக நாக்கு மாதிரி. ஊதினால் போதும், முயல் கதறும். திறந்த சீவாளி ஊதலில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வெளியிலேயே தெரியும். கிளாரினெட்டைப் போல அதன் மேல் உதட்டை அழுத்திப் பிடித்து ஊத வேண்டும். இரண்டும் 10 முதல் 30 டாலருக்குள் கிடைக்கும்.

மூடிய சீவாளியின் நல்ல குணம், முதல் நாளே வேலை செய்யும். கெட்ட குணம், அதற்கு ஒரே குரல். கையைக் குவித்துத் திறந்து கொஞ்சம் ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். ஊளை வராது, குட்டிக் குரல் வராது. குளிரில் மூச்சு ஈரம் உள்ளே தங்கி உறைந்துவிட்டால் ஊதல் ஊமையாகிவிடும், கழற்றித் துடைக்கவும் முடியாது. விடியற்காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிற ஜனவரியில் எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வேன்.

திறந்த சீவாளியைக் கற்க ஒரு மாதம் ஆகும். ஆபீசுக்குப் போகும் வழியில் காரில் ஊதிப் பழகுங்கள், வீட்டில் ஊதினால் குடும்பம் பொறுக்காது. ரகசியம் உதடு எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. பட்டையின் நுனியில் உதட்டை வைத்தால் ஆடுகிற பகுதி குட்டை, குரல் உயரும்: எலிக் கீச்சு, குட்டியின் "கை கை". கொஞ்சம் உள்ளே நகர்த்தினால் காட்டன்டெயில் என்கிற சின்ன முயல். இன்னும் உள்ளே போனால் ஜாக்ராபிட் என்கிற பெரிய காதுக்காரனின் கரகரத்த, நீண்ட கதறல். அடிவரை போனால் ஊளை. ஒரே துண்டுப் பிளாஸ்டிக்கில் மூன்று கூறும் வந்துவிடுகிறது. உறைந்தாலும் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தெளிந்துவிடும்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ஜனவரி கடைசி, புல்லெல்லாம் உறைபனி. மெஸ்கீட் மரத்தடியில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். மெஸ்கீட் என்றால் வேறொன்றும் இல்லை, நம்மூர்ச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, முள்ளும் அதே முள். காற்று இடது கன்னத்தில் பட்டது. ஒரு தனி ஊளை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. எட்டு நிமிடம் எதுவும் இல்லை. அப்புறம் ஓடைக்கரையில் ஜே பறவை ஒன்று திட்டத் தொடங்கியது. அந்தப் பறவை சும்மா திட்டாது. நான் உதட்டை நுனிக்கு நகர்த்தி, கேட்டும் கேட்காத மாதிரி ஒரே ஒரு எலிக் கீச்சு கொடுத்தேன். 70 கெஜத்தில், எனக்கு வலது பக்கத்துப் புதரிலிருந்து, மூக்கை உயர்த்திக்கொண்டு அது வந்தது. காற்று என்னைத் தாண்டிப் போகிற பக்கம்தான் அது. இன்னும் பத்தடி நகர்ந்திருந்தால் என் வாசனை அதற்குக் கிடைத்திருக்கும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நின்றது, மூச்சு வெள்ளையாகப் பறந்தது. ஊளைக்காகக் கிளம்பி வந்த விலங்கைக் கடைசி முப்பது அடிக்கு இழுத்தது அந்தக் கீச்சு. இரண்டுக்கும் நடுவில் என் கை அசையவில்லை, உதடு மட்டும் அரை அங்குலம் நகர்ந்தது. திறந்த சீவாளிக்கு நான் கொடுக்கிற மதிப்பெல்லாம் அந்த அரை அங்குலத்துக்குத்தான்.

அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் டயாஃபிரம் என்று ஒன்று உண்டு, குதிரை லாட வடிவில் ரப்பர் சவ்வு. கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கும்போது வாயாலேயே ஊளையிடலாம். வசதியானதுதான். ஆனால் பலருக்கு அதை வாயில் வைத்ததுமே குமட்டும். வான்கோழி வேட்டையில் பழகியவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

இப்போது அந்த 600 டாலர் பெட்டி. இதற்கு ஒரு பரம்பரை இருக்கிறது, அதில் பாதி எங்கள் பக்கத்தில்தான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மார்பிள் ஃபால்ஸ் என்கிற ஊரில் பர்ன்ஹாம் சகோதரர்கள் 1950களில் ஊதல் செய்து தபாலில் நாடெங்கும் விற்றார்கள். 1960களில் வேக்கோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட் உண்மையான விலங்குகளின் கதறலைப் பதிவு செய்து இசைத்தட்டில் கொண்டுவந்தார். காட்டுக்குள் ரெக்கார்ட் பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அப்புறம் கேசட், அப்புறம் டிஜிட்டல். இன்று பென்சில்வேனியாவின் லூயிஸ்டவுனில் இருக்கும் ஃபாக்ஸ்ப்ரோ மாதிரி கம்பெனிகள் நூற்றுக்கணக்கான குரல்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து ரிமோட்டோடு விற்கின்றன. எல்லோரும் சொல்வது இ-காலர் என்றுதான். 100 டாலரிலிருந்தே கிடைக்கிறது.

இதன் பெரிய பலம் குரல்களின் எண்ணிக்கை அல்ல. சத்தம் வருகிற இடமும் நாம் இருக்கிற இடமும் வேறு வேறு என்பதுதான். ஊதலை ஊதினால் கயோட்டியின் இரண்டு கண்ணும் இரண்டு காதும் நம் முகத்தின் மேல் இருக்கும். பெட்டியை 40 கெஜம் தள்ளி வைத்தால் விலங்கு அதைப் பார்த்துக்கொண்டு வரும், நாம் துப்பாக்கியைத் திருப்பலாம். கயோட்டி எப்போதும் சத்தத்துக்குக் காற்று போகிற பக்கம் சுற்றி வந்து மோந்து பார்க்கும். பெட்டியை எதிர்க்காற்றில் வைத்தால் அந்தச் சுற்றுப் பாதை நமக்கு முன்னாலேயே விழும்படி செய்யலாம். இரவு வேட்டைக்கும், கூட ஒரு சிறுவனை அழைத்துப் போகும்போதும் இந்த வித்தியாசம் பெரிது.

பலவீனமும் அங்கேயேதான். ஒரே பதிவு, ஒரே ஏற்ற இறக்கம், ஊரில் பத்துப் பேரிடம் அதே பெட்டி. கயோட்டிக்கு நினைவு நன்றாக இருக்கும். ஒரு முறை அந்த முயலைக் கேட்டு வந்து குண்டு பக்கத்தில் பாய்ந்து தப்பியது என்றால், அடுத்த முறை அதே முயலுக்கு வராது. இப்படிக் காது தேறிய விலங்கு ஊரில் நிறைய இருந்தால் பெட்டி வெறும் ஸ்பீக்கர்தான். வாயால் ஊதுகிற ஊதல் இரண்டு தடவை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. கற்றுக்குட்டியின் தப்பு ஸ்வரம்கூட அங்கே லாபமாகிவிடுகிறது. பாட்டரி கதை தனி. குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கும், உட்கார்ந்து காத்திருக்கும்போது நடுவில் நின்றுபோன பெட்டியை எடுக்க எழுந்து நடந்தால் அன்றைய காலை அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் ஆட்டுக்குட்டிக் கதறலும் இருக்கும். பட்டிக்குப் பக்கத்தில் அதைப் போடவே போடாதீர்கள். தாய் ஆடுகள் வேலியில் முட்டிக்கொண்டு கத்தும், மறுநாள் பால்கூடச் சரியாகக் கொடுக்காது. குட்டி நாயின் வலிக் குரலைப் போட்டால் காவலுக்கு விட்டிருக்கிற கிரேட் பிரனீஸ் நாய் வேலியைத் தாண்டி நேராக ஸ்பீக்கருக்கு வந்து நிற்கும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மட்டும் மின்னும்போது அது யார் என்று எப்படித் தெரியும்? முழு உடம்பைப் பார்க்காமல் விசையில் விரலை வைக்கக்கூடாது. வட கரோலினாவின் கிழக்கில் ஐந்து மாவட்டங்களில் கயோட்டியைப் பகலில் மட்டும், தனி அனுமதியோடுதான் வேட்டையாடலாம் என்று விதி வந்ததே இதனால்தான். அங்கே மிச்சமிருக்கிற கொஞ்சம் செவ்வோநாய்கள் கயோட்டி என்று நினைத்துச் சுடப்பட்டன. உங்கள் மாநிலத்தில் இ-காலருக்கும் இரவு வேட்டைக்கும் என்ன விதி என்பதைப் பெட்டி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நரிக்குக் கணக்கு வேறு

நரி என்று நான் சொல்வது இங்கே இரண்டு. சாம்பல் நரி, இந்த மண்ணுக்கே உரியது, மரமேறும். செந்நரி, டெக்சஸுக்குள் 1890களில் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது. கோழி வளர்ப்பவர்களுக்குத்தான் இரண்டும் தொல்லை. வெள்ளாட்டுக்காரருக்கு அநேகமாகப் பிரச்சினை இல்லை.

முக்கியமான ஒன்று: கயோட்டி நரியைக் கொல்லும். அதனால் நரி வேண்டும் என்றால் ஊளையை மறந்துவிடுங்கள். ஒரு ஊளை கேட்டால் அரை மைலுக்குள் இருக்கிற நரியெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிடும். சத்தத்தின் அளவும் அப்படித்தான். கயோட்டிக்கு ஊதுகிற பலத்தில் ஊதினால் நரிக்கு அது பயமுறுத்தல். மிக மெதுவாகத் தொடங்க வேண்டும். நரியின் காது எலி புல்லுக்குள் நகர்வதைக் கேட்கிற காது.

இங்கே விலை குறைந்ததுதான் ஜெயிக்கிறது. புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினால் ஒரு கீச்சு வரும். காசே இல்லாத இந்த வித்தைக்குச் செந்நரி அழகாக வரும், குறிப்பாகத் திறந்த வயலில், அது ஏற்கெனவே எலி தேடிக்கொண்டிருப்பதை நாம் தூரத்திலிருந்து பார்த்துவிட்டால். துப்பாக்கிக் கட்டையில் ஒட்டிவைக்கிற சின்ன ரப்பர்க் குமிழ் ஊதலும் இருக்கிறது, ஒரு விரலால் அழுத்தினால் போதும். சாம்பல் நரி வேறு குணம். புதர் அடர்ந்த இடத்தில் இருக்கும், மரங்கொத்திக் கதறலுக்கும் தன் இனத்துக் குட்டியின் குரலுக்கும் கோபத்தோடு வரும். சில சமயம் நம் பூட்ஸ் வரை வந்துவிடும். சாம்பல் நரிக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், வருவதானால் அதற்குள் வந்துவிடும். கயோட்டிக்கு 20 நிமிடம், காது தேறியதற்கு அரை மணி.

நரிக்கு உட்காரும்போது தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். எலிக் கீச்சுக்குப் பெரிய கொம்பு ஆந்தையும் வரும். சத்தமே இல்லாமல் பின்னாலிருந்து வரும், நகத்தோடு.

சுட்டதை வெறுங்கையால் தூக்காதீர்கள். நரியிலும் கயோட்டியிலும் வெறிநோய் உண்டு. டெக்சஸ் 1995இலிருந்து விமானத்தில் தடுப்பு மருந்துத் தீனியைத் தூவிக் கயோட்டிகளிடம் பரவிய நாய் வெறிநோயை ஒழித்தது, ஆனாலும் கையுறை 5 டாலர்தான்.

நண்பருக்குச் சொன்னது

கோழிக்காக நரியை மட்டும் விரட்ட வேண்டியிருந்தால் நான் அவரை எதுவும் வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். கோழிக்கூட்டுக்குக் கம்பி வலை போடச் சொல்லியிருப்பேன்.

வேட்டை ஆசைக்காகக் கயோட்டி என்றால், வாரக் கடைசியில் மட்டும் நேரம் கிடைக்கும், பழக நேரமில்லை என்றால், 150 டாலர் அளவில் ஒரு இ-காலர். அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. நூற்றுக்கணக்கான குரல்களில் நீங்கள் போடப்போவது ஐந்துதான். கூடவே 15 டாலருக்கு ஒரு மூடிய சீவாளி, பெட்டி நின்றுபோகும் நாளைக்கு.

ஆனால் அவருக்குத் தேவை ஆட்டைக் காப்பது. அதற்குத் திறந்த சீவாளி ஊதல் ஒன்று, 20 டாலர். இ-காலருக்கு வைத்திருந்த மீதிப் பணத்தில் குட்டி போடுகிற ஆடுகளை இரவில் அடைக்க வீட்டோரமாக ஒரு பட்டி, அப்புறம் இரண்டு பிரனீஸ் நாய்க்குட்டிகள். ஊதலைப் பழகுகிற மாதத்தில் தினமும் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து ஊளையைக் கேட்கச் சொன்னேன். எந்தத் திசையில், எத்தனை குரல், தினமும் அதே இடமா என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொன்னேன். இடத்துக்குச் சொந்தக்கார ஜோடி எங்கே இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். அந்த ஜோடி ஆட்டைத் தொடாத ஜோடியாக மாறிவிட்டால் அதை விட்டுவிட வேண்டும். அது இருக்கிற வரை வேறு கயோட்டியை உள்ளே விடாது. அதைக் கொன்றால் அந்த இடம் காலியாகும், வருகிற புது ஜோடி எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்?

பக்கத்துப் பண்ணைப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது முதலில் தலையாட்டி மறுத்தார். அவர் தகப்பனார் காலத்தில் இந்தப் பீடபூமியில் பொறியும் விஷமும் கம்பி வேலியும் வைத்துக் கயோட்டியை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்கள். அது திரும்பி வந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். கொஞ்ச நேரம் கழித்து, "மேற்கு ஓடையில் ஒரு ஜோடி இருக்கிறது, ஆறு வருடமாக என் ஆட்டைத் தொட்டதில்லை, நானும் அதைத் தொட்டதில்லை" என்றார்.

நண்பரின் நாய்க்குட்டிகள் வளர்ந்துவிட்டன. நோட்டில் இரண்டு மாதக் குறிப்பு இருக்கிறது: வடக்குப் பாறைப் பக்கம் இரண்டு குரல், ஏழு மணி சுமாருக்கு. குட்டி போனது பட்டி கட்டியதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அவர் இன்னும் ஒரு தடவையும் ஊளை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். திறந்த சீவாளி காரின் டேஷ்போர்டில் கிடக்கிறது. டெக்சஸ் வெயிலில் பட்டை வளைந்துவிடும், எடுத்து உள்ளே வையுங்கள் என்று போன வாரமும் சொன்னேன்.